கோபால மன்னரின் வாரிசுகள்

சனிக்கோளின் நிலவான டைட்டனில் அமைந்த குடியேற்றத்தில் கதவுகளுக்கு மரியாதை தெரியும். ரத்தத்தில் மிதக்கும் மரபுச்சில்லைப் படித்து, மூதாதையரில் பெரிய ஆள் யாரோ அவர் பெயரைச் சொல்லித்தான் திறக்கும். குமுதவல்லியின் கதவு, "வருக, தாசில்தாரின் வழித்தோன்றலே" என்னும். அதில் அவளுக்கு ஒரு குறையும் இருந்ததில்லை, எதிர்வீட்டு எஸ்தர் புதுச் சில்லு போட்டுக்கொள்ளும்வரை.

"வருக, வங்கத்துப் பால வம்சத்தை நிறுவிய கோபால மன்னரின் வழித்தோன்றலே!"

குமுதவல்லிக்கு வயிறு எரிந்தது. எரியாதா பின்னே? அது கெட்ட காலம். வளையம் வளையமாகக் கட்டிய அந்தக் குடியேற்றத்தில், முதல் வளையத்துப் பரஞ்சோதி சின்ன வளையங்களின் காற்றையெல்லாம் தன் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தான். அவனை அடக்கக் காற்றுத் தலைவர் ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். காற்றுக்குழாய்களை முழுக்க அறிந்த பொறியாளர் குமுதவல்லிதான். ஊரோ எஸ்தர் பின்னால் போனது.

கூட்டத்தில் அவள் எழுந்தாள். "ராஜாவோட அப்பா, தாத்தா யாருன்னும் மரபுப்பொறி சொல்லட்டும். முழு ஆய்வு வேணும்."

"ஏன் குமுதா இந்த வயித்தெரிச்சல்?" என்றாள் எஸ்தர்.

"சும்மா, தெரிஞ்சுக்கத்தான்."

எல்லோருடைய மரபையும் ஆராயும் மண்டபத்து மரபுப்பொறி பேசியது. "கோபாலர் அரச குலத்தவர் அல்லர். வலியவர் எளியவரை விழுங்கிய காலத்தில், அதை அடக்குவார் என்று நம்பி அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர் தொடங்கிய பௌத்த வம்சம் பல நூற்றாண்டு ஆண்டது."

"பாத்தீங்களா! ராஜ வம்சமே இல்ல!" குமுதவல்லி கைதட்டினாள்.

"இன்னும் முடியவில்லை. இத்தனை தலைமுறைக் கலப்பில் இங்குள்ள எல்லோரும் அவர் வழிவந்தவர்களே. பழைய சில்லுகளுக்கு அவ்வளவு தூரம் படிக்கத் தெரியாது."

எஸ்தரின் முகம் தொங்கிப்போனது. குமுதவல்லிக்கு நெஞ்சு நிமிர்ந்தது, ஆனால் சுற்றிலும் அத்தனை நெஞ்சுகளும் நிமிர்ந்திருந்தன. அந்த நிமிடத்தில் யாராவது, குழாய்களைப் பற்றி யாருக்கு நன்றாகத் தெரியும் என்று கேட்டிருந்தால் பதவி அவளுக்குத்தான். அவளே வேறொன்றைக் கேட்டாள்.

"சரி, அவர் ரத்தம் யாருக்கு அதிகம்?"

"முதல் வளையத்துப் பரஞ்சோதிக்கு."

மண்டபம் எழுந்து நின்று வணங்கியது. பரஞ்சோதி போட்டியின்றித் தலைவனானான்.

மறுநாள், புதுச் சில்லு போட்டுக்கொண்ட குமுதவல்லியின் கதவும் கோபால மன்னரின் பெயரைச் சொன்னது. காற்று மெலிந்திருந்ததால் குரல் ஈனமாகத்தான் கேட்டது. எதிர்வீட்டுக் கதவு அதையே கொஞ்சம் உரக்கச் சொல்கிறதோ என்று, மிச்சமிருந்த மூச்சையும் பிடித்துக்கொண்டு அவள் காதைத் தீட்டினாள்.