இதுதான் நேர்

இந்தக் காலத்து ஆட்களுக்கு வண்டியைப் பற்றிக் கவலையில்லை, விளக்கைப் பற்றித்தான் கவலை. பிரேக் தேய்ந்து கிரீச்சென்று கதறினாலும் பாட்டுச் சத்தத்தைக் கூட்டிவிட்டு ஓட்டுவார்கள். கண்ணெதிரே ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தால் மட்டும் தலையில் இடி விழுந்தது போல ஓடிவருவார்கள். வந்து கோளாறைப் பாருங்கள் என்று கேட்பார்களா? மாட்டார்கள். விளக்கை அணை என்பார்கள்.

பட்டறைக்காரருக்கு இப்படிப்பட்டவர்களைக் கண்டாலே ஆகாது. அவர் யாரையும் எதையும் நம்புகிற ஆளில்லை. சுற்றுவட்டாரத்தில் அவருக்குச் 'சந்தேகம்' என்றே பட்டப்பெயர்.

அன்று மத்தியானம் தகரக் கூரை கொதித்துக்கொண்டிருந்தபோது சாம்பல் நிறக் கார் ஒன்று வந்து நின்றது. ஓட்டி வந்தவள் இளம்பெண். பின்னாலேயே பைக்கில் அவள் புருஷன்.

"சறுக்கல் விளக்கு எரியுது பெரியவரே. அணைச்சு விட்டுடுங்க. இவ இதுலதான் வேலைக்குப் போகணும்."

"அணைக்கிறதுக்கு அது என்ன மெழுகுவத்தியா? இருய்யா, பாக்கலாம்."

வண்டி வழுக்கினால் அதுவே எந்தச் சக்கரத்துக்கு வேண்டுமோ அதை மட்டும் பிடித்து நேராக்குகிற ஏற்பாடு ஒன்று இப்போது எல்லாக் காரிலும் இருக்கிறது. அதில் கோளாறு என்றால் வருகிற விளக்கு இது. கோளாறைக் காட்டுகிற ஸ்கேனரைச் சொருகினார். ஸ்டீயரிங் எந்தப் பக்கம் எவ்வளவு திரும்புகிறது என்று அளக்கிற சென்சாரின் மேல் குற்றம் சொன்னது. டயரில் காற்று சரி. பேட்டரி சரி. சக்கரங்களின் சென்சார்களைத் துடைத்துப் பார்த்தார். கடைசியில் ஸ்டீயரிங்கைக் கழற்றி அந்தச் சென்சாரையே புதிதாக மாற்றினார்.

விளக்கு அணையவில்லை.

புருஷன் போன் பேச வெளியே போனதும் அவள் அருகில் வந்தாள்.

"ஐயா, இந்த வண்டி இனிமே ஓடாதுன்னு அவர்கிட்ட சொல்லிடுங்களேன்."

"ஏன்?"

"எங்க அக்காவோட வண்டி இது. ஆத்துப் பாலத்துல சுவத்துல மோதி இதுக்குள்ளயே செத்துப்போனா. அவரு வண்டியச் சரி பண்ணி வெச்சுக்கிட்டாரு, அக்கா இடத்துல என்னைக் கட்டிக்கிட்டாரு." குரல் இன்னும் இறங்கியது. "நான் ஓட்டினா மட்டும் யாரோ இடது பக்கமா இழுக்கறாங்க. அவரு ஓட்டினா ஒண்ணுமே இல்ல. சொன்னா சிரிக்கிறாரு."

"புது வண்டி வேணும்னா புருஷன்கிட்ட வாயத் திறந்து கேளும்மா. அதுக்கு என்னை எதுக்குப் பொய் சொல்லச் சொல்ற?"

அவள் முகம் சுண்டிப்போனது.

"ஏறி உக்காரு. கையை மடியில வெச்சுக்க. ஸ்டீயரிங்கத் தொடாத."

உட்கார்ந்தாள். ஜன்னலுக்கு வெளியே நின்றபடி அவர் ஸ்கேனரைப் பார்த்தார். ஸ்டீயரிங் ஆடாமல் அசையாமல் நேராக நின்றது. திரையில் திருப்பத்தைக் காட்டுகிற எண் மட்டும் நகர்ந்தது.

இடது, இரண்டு.

இடது, ஐந்து.

இடது, ஒன்பது.

அந்த வெயிலில், மூடிக் கிடந்த ஏசி துவாரத்திலிருந்து ஈரச் சேற்று வாடை வந்தது.

"வேணாம்க்கா," என்றாள் அவள், உதடு மட்டும் அசைய.

"யார்கிட்ட பேசற?"

எண் இடது பன்னிரண்டில் போய் நின்றது. புதுச் சென்சாருக்கு 'இதுதான் நேர்' என்று காட்டிக்கொடுக்க ஒரு பொத்தான் உண்டு. எண் ஏன் ஆடுகிறது என்று தெரியாமல் அதை அமுக்கக் கூடாது; கோணலையே நேர் என்று வண்டி நம்பிவிடும். மற்ற பட்டறைக்காரர்களை இதற்காகவே அவர் வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறார். ஆனால் இந்தப் பெண்ணின் அழுமூஞ்சியை எவ்வளவு நேரம் பார்ப்பது? கண்ணுக்கு ஸ்டீயரிங் நேராக இருக்கிறது. அது போதும்.

அமுக்கினார்.

விளக்கு அணைந்தது.

காருக்குள் யாரோ நீளமாக ஒரு பெருமூச்சு விட்டார்கள். அவள் இரண்டு கையாலும் வாயையும் மூக்கையும் பொத்திக்கொண்டிருந்தாள்.

அவரே ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தார். நூல் பிடித்தது போலப் போனது.

"பாத்தியா? பேயும் இல்ல, பிசாசும் இல்ல."

"நான் சொன்னா எங்க கேக்கறா!" என்று புருஷன் சிரித்தான். "ஏறு, ஏறு. நேரமாகுது."

அவள் ஏறினாள். கிளம்பும்போது ஒரு தடவை அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

பொழுது சாய்வதற்குள் அந்தக் காரை இழுவை வண்டி திரும்பக் கொண்டுவந்து இறக்கியது. பாலத்துக்குப் பக்கத்தில் பட்டறை என்று இருந்தது அவருடையது மட்டும்தான். காரின் முன்பக்கம் காகிதம் போலக் கசங்கிக் கிடந்தது. இழுவை வண்டியிலிருந்து இறங்கிய புருஷனின் சட்டையெல்லாம் ரத்தம். அவனுடையது இல்லை.

"பின்னாலயே பைக்ல வந்தேன் பெரியவரே. நேர் ரோடு, எதிர்ல ஒரு வண்டி கிடையாது. இடது சக்கரம் ரெண்டும் தானா பிரேக் பிடிச்சு இழுத்துட்டுப் போச்சு. அதே சுவரு. அவளும் போயிட்டா."

"டயர் வெடிச்சிருக்கும்."

"வெடிக்கல."

"அப்ப தூங்கியிருப்பா."

அவன் அவரையே பார்த்தான். "விளக்கு மட்டும் அணையாம இருந்திருந்தா நான் அவளை இதுல அனுப்பியிருக்கவே மாட்டேன்."

அவன் இழுவை வண்டியிலேயே ஏறிப் போனான். பட்டறையில் அவரும் அந்தக் காரும்தான். பேட்டரி பிளந்து அமிலம் சொட்டிக்கொண்டிருந்தது. துளி மின்சாரம் இல்லை. ஸ்கேனரைச் சொருகுவதற்கு அதில் ஒன்றும் மிச்சமில்லை.

ஸ்டீயரிங் மெல்ல இடது பக்கம் திரும்பியது.

நின்றது.

வெடுக்கென்று வலது பக்கம் வந்தது.

மறுபடி இடது. மறுபடி வலது. ஒரே பொருளை இரண்டு பேர் பிடுங்கிக்கொள்வது போல. ஸ்டீயரிங் உறையின் மேல் நகம் கீறும் சத்தம் கேட்டது.

பிறகு இடது பக்கம் முழுக்கச் சுற்றி, அங்கேயே இறுகி நின்றது.

"ஸ்டீயரிங் ராடு முறுக்கிக்கிச்சு," என்றார் உரக்க. "முறுக்கு விடுது. வேற ஒண்ணுமில்ல."

கேட்க அங்கே ஆளில்லை. கதவைக்கூடப் பூட்டாமல் அவர் தெருவைப் பார்த்து நடந்தார். பின்னால் கீறல் சத்தம் மறுபடி தொடங்கியது. இந்த முறை கார்க் கண்ணாடிக்கு உள்பக்கத்திலிருந்து.

"ராடுதான்," என்றார். திரும்பிப் பார்க்கவில்லை.