சொல்லாமல் திறந்த ஷட்டர்

லேசரின் சாவி அய்மானின் சட்டைப்பையில் இருந்தது. இருந்தும், மேஜையின் அந்தக் கோடியிலிருந்து, லேசர் ஒளியை மறித்து வைக்கும் ஷட்டர் திறக்கிற சின்ன 'டிக்' சத்தம் கேட்டது. சூடு ஆறுகிற உலோகம் அப்படித்தான் சத்தம் போடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, கம்ப்யூட்டரில் ரீடிங்குகளைச் சேமித்தான்.

ஜன்னலே இல்லாத லேப் அது. வெளியே பட்டப்பகல் என்றாலும் உள்ளே அதற்கு வேலையில்லை. தாம்பரத்து மழையும் ஜிஎஸ்டி ரோட்டில் பஸ்கள் அடிக்கிற ஹாரனும் போர்வைக்குள் படுத்திருப்பவனுக்குக் கேட்பதுபோல் மங்கலாகக் கேட்டன; ஏசியின் ஈர வாடையும் சூடேறிய தூசியின் கருகல் வாடையும் கறுப்புச் சுவர்களுக்குள் சுற்றிச் சுற்றி வந்தன. இன்ஜினியரிங் பிசிக்ஸ், நான்காம் ஆண்டு. இந்த ரீடிங்குகளோடு புராஜெக்ட் முடிந்தது. திங்கட்கிழமை வைவா, அப்புறம் மேல்படிப்புக்கு ஜெர்மனி. அந்த இடம் முதலில் அவனுடைய புராஜெக்ட் பார்ட்னர் சுப்ரஜாவுக்குத்தான் கிடைத்தது. அதற்கும் நடந்ததற்கும் சம்பந்தமில்லை என்று அவன் நினைத்துக்கொள்வான்.

சம்பந்தம் இல்லாமலா! இந்த லேசரின் ஒளி கண்ணுக்குத் தெரியாது. பட்டால் கண் போய்விடும். பாதுகாப்புக் கண்ணாடி போட்டால் இருட்டறை இன்னும் இருட்டாகிவிடும் என்று, லென்சைச் சரிசெய்யக் குனிகிற எல்லாருமே அதைத் தலைமேல் ஏற்றிக்கொள்வார்கள். அதனால்தான் ஷட்டரைத் திறக்கிறவர் "பீம் ஆன்" என்று உரக்கச் சொல்ல வேண்டும். மற்றவர் கண்ணாடியை இறக்கிக்கொண்டு "ஓகே" சொன்ன பிறகுதான் திறக்க வேண்டும். அன்றைக்கு சுப்ரஜா அந்த நம்பிக்கையில் குனிந்திருந்தாள். அய்மான் சொல்லவில்லை. திறந்தான்.

விசாரணையில், "நான் சொன்னேன் சார், அவதான் கண்ணாடி போடல" என்றான். கூடவே அழுதும் காட்டினான். அரைப் பார்வையோடு வீட்டுக்குப் போனவள், பிறகு ஊரப்பாக்கத்தில் தண்டவாளத்தைக் கடக்கும்போது ஒரு ரயிலுக்காக ஒதுங்கி, எதிரே வந்த இன்னொன்றைப் பார்க்காமல் அடிபட்டுச் செத்தாள். படுபாவி, அதற்கும் மாலையோடு போய் நின்றான்.

கதவு கொஞ்சம் திறந்தது. லேபுக்குப் புதிதாக வந்த உதவியாளர் குப்பன் எட்டிப் பார்த்தார்.

"தம்பி, டீ வாங்கியாரப் போறேன். உனுக்கு ஒண்ணு. உள்ள கீற பாப்பாவுக்கு?"

"எந்தப் பாப்பா அண்ணா?"

"இன்னாபா இது, கண்ணாடிய தலைமேல ஏத்திகினு அங்க குனிஞ்சிகினு கீதே!"

அய்மான் திரும்பிப் பார்த்தான். மேஜைக்குப் பின்னால் யாருமில்லை. மறுபடி வாசல் பக்கம் பார்த்தபோது கதவு சாத்தியிருந்தது.

போய்விடலாம் என்று எழுந்தான். அப்போதுதான் கரண்ட் போனது. ஏசி நின்றது, கம்ப்யூட்டர் அணைந்தது, லேசரைக் குளிர வைக்கும் பம்ப்பின் முனகலும் மெல்ல மெல்ல அடங்கியது. செல்போன் வெளியே லாக்கரில் இருந்தது. உள்ளே கொண்டுவரக் கூடாது என்பது விதி.

டிக்.

கரண்ட் இல்லாமல் லேசர் வேலை செய்யாது. அவனுக்கு அது நன்றாகவே தெரியும், முதல் மார்க் வாங்கிய பையன். ஆனாலும் கால் நகரவில்லை. கதவுக்கும் அவனுக்கும் நடுவில் அந்த ஒளி போய்க்கொண்டிருந்தால்? எந்த உயரத்தில்? சுவரில் கண்ணாடி மாட்டும் ஆணியைத் தடவினான். அவனுடைய கண்ணாடி அங்கே இல்லை.

மேஜையில் அட்டை கிடைத்தது. பீம் பட்டால் ஆரஞ்சு நிறத்தில் ஒளிரும் சின்னப் பிளாஸ்டிக் அட்டை. இடுப்புக்கு நேரே நீட்டினான். ஒன்றுமில்லை. நெஞ்சுக்கு நேரே. ஒன்றுமில்லை. உயிர் திரும்பி வந்தது.

முகத்துக்கு நேரே தூக்கினான்.

ஆரஞ்சுப் புள்ளி. ஒன்றல்ல, இரண்டு. ஒரு முகத்தில் இரண்டு கண்கள் எவ்வளவு தள்ளி இருக்குமோ, அவ்வளவு தள்ளி.

இடது பக்கம் நகர்ந்தான். அவையும் நகர்ந்தன. குனிந்தான். அவையும் இறங்கின. முதுகைக் காட்டித் திரும்பினான். அங்கேயும் எதிரே நின்றன.

அட்டை சுட்டது. பிளாஸ்டிக் உருகும் நாற்றம். இறக்க முடியாது. இறக்கினால் கண்.

"நான் சொல்லல சுப்ரஜா. வேணும்னுதான் சொல்லல. எல்லார்கிட்டயும் உண்மைய சொல்லிடறேன். விட்ரு."

புள்ளிகள் பெரிதாகின. நெருங்கி வந்தன. மூச்சு அவன் விரல்களில் பட்டது.

ஒரு கை, அவசரமே இல்லாமல், அட்டையை அவனிடமிருந்து உருவியது. கண்களை இறுக மூடிக்கொண்டான். குளிர்ந்த விரல்கள் இமைகளைத் தேடின. பிடித்தன. திறந்தன.

"பீம் ஆன்" என்றாள், உரக்க, முறைப்படி.

அவன் "ஓகே" சொல்வதற்காகக் காத்திருந்தாள்.