ஈசான மூலையில் ஒரு முழம்

பொட்டு வீட்டைப் பார்த்து உட்கார்ந்திருந்தது.

அதில் பிழை என்ன என்று தங்கமணிக்கு உடனே விளங்கவில்லை. கையுறைத் தொழிற்சாலையின் பேருந்து அவளை முச்சந்தியில் இறக்கிவிட்டுப் போயிருந்தது. மாலை ஆறரை மணி வெயில் செம்பனைகளின் முதுகுக்குப் பின்னே சாய்ந்துகொண்டிருந்தது. பன்னிரண்டு மணி நேரம் நின்ற கால்கள், வீடு வந்ததை அவளுக்கு முன்னமே அறிந்து தளர்ந்தன. கோலசிலாங்கூர்ச் சாலையிலிருந்து உள்ளே வளையும் செம்மண் பாதையில் கடைசி வீடு அவளுடையது. பழைய தோட்டத்து மக்களுக்கெனக் கட்டிக்கொடுத்த வரிசை அங்கே முடிந்துவிடும், அதற்கப்பால் எண்ணெய்ச் செம்பனைத் தோட்டம்தான். வீட்டைச் சுற்றிப் புல்லில் நட்டிருந்த சிறு வெள்ளைக் கொடிகள் காற்றின்றித் தொங்கின. அவற்றின் ஓரத்தில், வால் கொடியில் படுமளவுக்குப் பின்வாங்கி, சாலைக்கு முதுகைக் காட்டி, பூட்டிக் கிடந்த முன்கதவையே பார்த்தபடி அவள் நாய் பொட்டு அமர்ந்திருந்தது.

வேலிக்குள் அடைபட்ட நாய் வெளியே அல்லவா பார்க்கும்?

அது கண்ணுக்குத் தெரியாத வேலி. சிங்கப்பூரில் வேலை செய்யும் மகன் பவனேஷ் அஞ்சலில் அனுப்பியது. நான்கு விரற்கடை ஆழத்தில் வீட்டைச் சுற்றிப் புதைத்த கம்பி ஒன்று. சமையலறைச் சுவரில் மாட்டிய சிறு மின்பெட்டி ஒன்று. நாயின் கழுத்துக்கு ஒரு தோல்பட்டை. நாய் கம்பியை நெருங்கினால் பட்டை கீச்சிடும். மீறினால் கழுத்தில் சுருக்கென ஒரு கடி. கொடியைக் கண்டதும் திரும்ப வேண்டும் என்று, நாளுக்கு மூன்று முறை கயிற்றில் பிடித்து நடத்தி அவள் பழக்கினாள். பொட்டு பத்தே நாளில் கற்றுக்கொண்டது.

வேறு வழியும் இருக்கவில்லை. முன்பிருந்த நாயைச் செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஒன்று அரைத்துவிட்டுப் போனது. பத்தொன்பது நாளுக்கு முன், கணவன் அழகேசனின் சவ ஊர்தி புறப்பட்ட வேளையில், பொட்டும் அதன் பின்னாலேயே சாலைக்கு ஓடியது. இன்னொரு லோரி அதன் மூக்குக்கு ஒரு சாண் முன்னால் வந்து நின்றது. அன்று அவள் கணவனுக்காக அழவில்லை. நாய்க்காக அழுதாள். இன்னுமொரு சாவை அள்ளி எடுக்க இந்தக் கைகளில் வலு இல்லை என்று மட்டும் அவளுக்குத் தெரிந்தது.

“வா, பொட்டு. என்னத்தப் பாக்குற?”

நாய் வரவில்லை. அவளே குனிந்து அதன் கழுத்தைத் தடவினாள். பட்டை இறுகியிருந்தது. இரண்டு விரல் நுழையும்படி மூன்றாம் துளையில்தான் அவள் எப்போதும் பூட்டுவாள். கொக்கியின் முள் நான்காம் துளையில் இருந்தது.

மறதி. களைப்பு. வேறென்ன? அதைத் தளர்த்திவிட்டு உள்ளே போனாள்.

கூடத்தில் இரும்புக் கட்டில் அப்படியே கிடந்தது. நான்காண்டுகளுக்கு முன் பக்கவாதம் அழகேசனின் வலப்பக்கத்தையும் பேச்சையும் கொண்டுபோனபோது, ஓர் அன்பு இல்லத்தார் இரவலாகக் கொடுத்த கட்டில். இடக்கை மட்டும் அவனுக்கு எஞ்சியது. அந்தக் கையின் செப்பு மோதிரத்தால் கட்டில் கம்பியைத் தட்டி அவளை அழைப்பான். இரண்டு தட்டு, தண்ணீர். மூன்று தட்டு, புரட்டிப் படுக்க வை. சமைக்கும்போதும், குளிக்கும்போதும், கண் செருகும்போதும், டொக், டொக். அழைத்து அவள் போகாத வேளை ஒன்றில்லை; வேலைக்கு மீண்டும் போனதே இந்த வாரம்தான். விரல் வீங்கி மோதிரம் கழலாததால் அதனோடேயே அவனை எரித்தார்கள். எரித்துவிட்டு வந்த இரவு அவள் பதினோரு மணி நேரம் உறங்கினாள். விழித்ததும் அதற்காக வெட்கப்பட்டாள்.

தைல வாடையும், அதனடியில் படுக்கைப் புண்ணின் இனித்த வாடையும் இன்னும் வீட்டைவிட்டுப் போகவில்லை.

மறுநாள் மாலை கணேஸ்வரன் வந்தான். மூன்று வீடு தள்ளிக் குடியிருக்கும் மின்பணியாளன். கம்பியைப் புதைத்துக் கொடுத்தவனும் அவன்தான். பெட்டியைத் திறந்து பார்த்தான், கொடிகளைச் சுற்றி ஒருமுறை நடந்தான், பிறகு கூடத்துக்கு வந்து தேநீரை வாங்கிக்கொண்டான்.

“பெட்டி நல்லாத்தான் இருக்கு அண்ணி. கம்பியும் எங்கயும் அறுபடல. உங்க நாய்தான் பரீட்சைக்குக் காவல் வந்த வாத்தியார் மாதிரி வீட்டையே மொறச்சிக்கிட்டு இருக்கு.”

“பட்டைய நீ இறுக்கினியா?”

“நானா? நேத்து முழுக்க ராசா டவுன்ல வேலை. பொழுது போயித்தான் வந்தேன். சந்தேகமா இருந்தா என் பொண்டாட்டியக் கேளுங்க, இன்னும் ஏசி முடிக்கல.”

அவள் சிரிக்க முயன்றாள். “கரண்ட நிப்பாட்டிட்டா என்ன ஆகும், கணேசு?”

“ஒண்ணும் ஆகாது. அதான் பழகிடுச்சில்ல. இனி பெட்டியக் கழட்டி வித்தாலும் அது கோட்டத் தாண்டாது. பயமா ஆரம்பிக்கும், அப்புறம் பழக்கமாயிடும்லா.” குவளையை வைத்துவிட்டு அவன் கட்டிலைப் பார்த்தான். “இத இன்னும் எடுத்துட்டுப் போவலியா?”

“சொல்லியாச்சு. லோரி இல்லியாம்.”

“அப்ப மெத்தையவாச்சும் வெயில்ல போடுங்க அண்ணி. இப்பத்தான் யாரோ எந்திரிச்சிப் போன மாதிரி குழியா இருக்கு.”

அவன் போன பிறகுதான் அவள் பார்த்தாள். பதினாறாம் நாள் காரியத்தின்போது அந்த மெத்தையை அவளே தட்டிச் சமன் செய்து, வெள்ளை விரிப்பை இழுத்துச் செருகியிருந்தாள். இப்போது விரிப்பின் நடுவே ஓர் ஆள் நீளத்துக்குப் பள்ளம் இருந்தது. இடப்பக்கம், கம்பியோரம், அது சற்று ஆழமாக இருந்தது.

பட்டையைக் கழற்றிச் சமையலறை ஆணியில் மாட்டினாள். பொட்டை உள்ளே கூப்பிட்டாள். படிவரை வந்தது; படியில் முன்காலை வைத்தது; கூடத்தை முகர்ந்தது. பின் தன் பாதத்தையே தான் மிதிப்பதுபோலத் தடுமாறிப் பின்வாங்கிக் கொடியோரம் போய் உட்கார்ந்துகொண்டது. அவள் கதவைச் சாத்தினாள். உறக்கம் அவளை ஒரு கோணிப்பையைப் போலப் போர்த்தியது.

சனிக்கிழமை. வேலையில்லாத நாள். விடிந்து வெளிச்சம் சமையலறைத் தரையில் விழுந்தபோது ஆணி வெறுமையாய் இருந்தது.

கதவுகள் உள்ளே தாழிட்டபடியே இருந்தன. அவள் திறந்துகொண்டு ஓடினாள். பொட்டு கொடியோரம் படுத்து, நாக்கு வெளித்தள்ள, மூச்சை ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டிருந்தது. கழுத்தில் பட்டை. ஐந்தாம் துளை. பட்டையின் நுனி எப்போதும் இருக்கும் பக்கத்தில் இல்லை; எதிர்ப்பக்கமாகத் திரும்பியிருந்தது. இடக்கையால் பூட்டினால்தான் அப்படி வரும்.

“லூசா விட்டா எதுவும் நிக்காது.” நோய் வருமுன், நாய்களைத் தானே கட்டிய காலத்தில், ஒவ்வொரு முறை இறுக்கும்போதும் அழகேசன் சொன்ன சொல். கோபமாகச் சொன்னதில்லை. அக்கறையாகவே சொல்வான். அவளுடைய வெளியூர்ப் பயணங்களுக்கும், தங்கை வீட்டு விசேஷங்களுக்கும் அதையேதான் சொன்னான்.

பட்டையைக் கழற்றினாள். அப்போது அவள் பார்வை பொட்டு படுத்திருந்த மண்ணில் விழுந்தது. வீட்டின் ஈசான மூலை அது. வடகிழக்கு. சாம்பல் கோட்டின் மிச்சம் புல்லில் இன்னும் வெளுத்துத் தெரிந்தது.

அத்தோட்டத்து மக்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. பதினாறாம் நாள் காரியம் முடிந்த அந்தியில், வீட்டைச் சுற்றிச் சாம்பலும் மஞ்சள் நீரும் கலந்து கோடு இழுப்பார்கள். ஈசான மூலையில் மட்டும் ஒரு முழம் திறந்து விடுவார்கள். போக வேண்டியவர் இரவோடு அவ்வழியே போய்விடுவார். விடியலில் வீட்டுக்காரி அந்த முழத்தை மூடுவாள். தங்கமணி பிழையின்றிச் செய்தாள். முழங்கையை மண்ணில் வைத்து அளந்தே விட்டாள். விடிந்ததும் மூடினாள்.

ஆனால் அதற்கு ஒரு வாரம் முன்பே, ஒன்பதாம் நாளில், அதே மூலையில் மண்ணைத் தோண்டிக்கொண்டு கணேஸ்வரன் சொன்னது இப்போது அவள் காதில் விழுந்தது. “வட்டம் முழுசா மூடணும் அண்ணி. ஒரு இஞ்சு விட்டாலும் பெட்டி கத்தும்.” நாய் போகாதிருக்க வேண்டும் என்ற ஒரே நினைவில் அவள் தலையசைத்தாள். போக வேண்டியவரை நினைக்கவில்லை.

மேலே ஒரு முழம் திறந்திருந்தது. அடியில் கம்பி மூடியிருந்தது. அந்த இரவு அழகேசன் இந்த மூலைவரை வந்திருப்பான். வந்து, திரும்பியிருப்பான். எத்தனை முறை வந்தான்? எத்தனை முறையில் பழகினான்?

பகல் முழுதும் அவள் வீட்டுக்குள் போகவில்லை. நாயை அணைத்துக்கொண்டு மூலையிலேயே இருந்தாள். சுங்கை செம்பிலாங் கடற்கரைப் பக்கமிருந்து மழை வந்தது, பெய்தது, போனது. மழைக்குப் பிந்தைய செம்பனைக் காட்டில் துளி சொட்டும் ஒலி ஆயிரம் இடத்தில் கேட்டது. அவற்றுள் ஒன்று மட்டும் இரும்பில் விழுவதுபோல வீட்டுக்குள்ளிருந்து கேட்டது. அவள் பதிகம் பாட வாய் திறந்தாள். நாற்பதாண்டு பாடிய பாட்டு. முதலடி நாவில் எழுந்தது. இரண்டாம் அடி எழவில்லை.

மாலை ஐந்தரைக்கு எழுந்தாள். பின்புறக் கொட்டகையிலிருந்து மண்வெட்டியும் குறடும் எடுத்து வந்தாள். ஈசான மூலையில் ஒரு முழம் அளந்து தோண்டினாள். ஈர மண்ணுக்குள் மஞ்சள் நிறக் கம்பி புழுப்போல நெளிந்து கிடந்தது. இரண்டு இடத்தில் வெட்டி நடுத்துண்டை எடுத்து எறிந்தாள்.

“போங்க,” என்றாள். “நாலு வருசம் பாத்துட்டேன். குறை வைக்கல. போயிட்டு வாங்க.”

வீட்டுக்குள் பெட்டி கத்தத் தொடங்கியது. நீண்ட, ஒரே குரல்.

பின் நின்றது.

அதுவாக நிற்காது. யாராவது சுவிட்சை அணைத்தால்தான் நிற்கும்.

பொட்டு அவள் காலடியில் நடுங்கியது. அவள் அதைக் கயிற்றில் பிடித்துத் திறப்பை நோக்கி நடத்தினாள், பழக்கிய பாடத்தைத் தலைகீழாகப் பழக்குவதுபோல. நாய் கொடியைக் கண்டதும் கால்களை ஊன்றிக்கொண்டது. கழுத்தில் பட்டை இல்லை. கம்பியில் மின்சாரம் இல்லை. இருந்தும் தாண்டவில்லை.

“போடி. என் கண்ணு. போயிடு.”

இரு கைகளாலும் தூக்கி அப்பால் விட்டாள். ஒரு கணம் அது நம்பாமல் நின்றது. பிறகு ஓடியது, சாலைக்கு அல்ல, வரிசையோரமாகவே கணேஸ்வரன் வீட்டு வாசல்வரை. அங்கே நின்று திரும்பிப் பார்த்தது.

அது பிழைத்தது. அவளுக்கு அது போதும். இப்போது அவளும் போகலாம். வலக்காலைத் தூக்கித் திறப்புக்கு அப்பால் வைத்தாள். ஈரப் புல். குளிர்ச்சி.

டொக். டொக்.

இரண்டு தட்டு.

கால் அங்கேயே இருந்தது. இன்னொரு கால் வரவேண்டும். அவ்வளவுதான். மூன்று வீடு தள்ளி விளக்கு எரிந்தது. தாளிக்கும் மணம் வந்தது. கணேஸ்வரனின் மனைவி யாரையோ ஏசும் குரல் கேட்டது. கூப்பிட்டால் வருவார்கள்.

டொக். டொக்.

அவர் தண்ணீர் கேட்கிறார்.

யாரும் அவளை இழுக்கவில்லை. யாரும் தள்ளவில்லை. வலக்கால் தானே திரும்பி வந்தது. புல்லைக் கடந்தாள். படியேறினாள். சமையலறையில் குவளையை எடுத்தாள், ஆறிய வெந்நீரை முக்கால் அளவுக்கு நிரப்பினாள், நெஞ்சில் சிந்தாதிருக்க முக்கால்தான். கூடத்துக்கு வந்தாள்.

கட்டில் காலியாக இருந்தது. விரிப்பில் பள்ளம் மட்டும். அது மெல்ல, பஞ்சு மூச்சு விடுவதுபோல, மேலெழுந்து சமமாகிக்கொண்டிருந்தது.

எழுந்துவிட்டான்.

தைல வாடை முன்னாலிருந்து வரவில்லை. பின்னாலிருந்து வந்தது.

நாயின் பட்டையை எங்கே வைத்தோம்? புல்லிலா? கையிலா? வலக்கையில் குவளை இருந்தது. இடக்கை வெறுமை.

ஈரத்தோல் அவள் கழுத்தைத் தொட்டது. முன்னிருந்து பின்னாகச் சுற்றியது. பிடரியில் ஒற்றைக் கை தடுமாறியது. கட்டை விரலும் சுட்டுவிரலும் மட்டும், பொறுமையாக, அக்கறையாக. ஏதோ ஒரு சிறு வளையம், தீயில் கருகிய செம்பின் சொரசொரப்போடு, அவள் தோலில் உரசியது.

மூன்றாம் துளை.

சன்னலுக்கு வெளியே, கொடிகளுக்கு அப்பால், பொட்டு திரும்பி வந்து உட்கார்ந்திருந்தது. அவளைப் பார்க்கவில்லை. அவள் தோளுக்கு மேலே பார்த்தது.

நான்காம் துளை.

ஐந்து.

பட்டை மெல்லக் கீச்சிட்டது. தங்கமணி அசையாமல் நின்றாள். குவளையிலிருந்து ஒரு சொட்டும் சிந்தவில்லை.