தெற்றுப்பல்

நான்காவது படத்தில் ஒரு பல் அதிகமாக இருந்தது.

படத்தில் இருந்தவர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். சுத்தமான பொக்கை வாய். கட்டுப்பல் செட்டைக் கழற்றிக் கிண்ணத்தில் போட்ட பிறகுதான் அவரைப் படம் எடுத்திருந்தார்கள். ஆனால் கம்ப்யூட்டர் திரையில், மேலுதட்டைத் தள்ளிக்கொண்டு, இன்னொரு பல்லின் மேல் ஏறி உட்கார்ந்த மாதிரி ஒரு தெற்றுப்பல் தெரிந்தது. சர்ஜன் திரையைத் துடைத்துப் பார்த்தார். தூசி இல்லை.

"ஒழுங்கா ஒரு போட்டோ எடுக்கத் தெரியலை. இதுகளை வச்சு நான் ஆராய்ச்சி பண்றேன்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அடுத்த படத்துக்குப் போனார்.

அவருடைய ஆராய்ச்சி இதுதான். கட்டியாலோ விபத்தாலோ முகத்தின் இடது பாதி செத்துப்போனவர்களுக்குத் தொடையிலிருந்து ஒரு கீற்றுத் தசையை எடுத்துக் கன்னத்துக்குள் வைத்து, மெல்லுவதற்கான நரம்போடு இணைப்பார். பல்லைக் கடித்தால் உதட்டோரம் மேலே ஏறும். பார்ப்பவருக்கு அது சிரிப்பு. சில மாதம் கழித்து அந்தச் சிரிப்பைப் படம் எடுத்து நடுவில் வெட்டி, இடது பாதியையே கண்ணாடி போலத் திருப்பி ஒட்டி ஒரு முழு முகம் செய்வார்கள். வலது பாதியிலும் அப்படியே இன்னொரு முகம். இரண்டும் ஒத்துப்போனால் வெற்றி.

முப்பது ஆபரேஷன், முப்பதும் வெற்றி. மாலை ஆறு மணிக்குள் கட்டுரையை அனுப்பிவிட்டால் புதிய ஆராய்ச்சி மையத்தின் தலைவர் நாற்காலி அவருக்கு. அதற்காக எதையும் செய்யக்கூடிய மனிதர், செய்தும் இருந்தார். கைதட்டலைத் தின்றே வளர்ந்த உடம்பு. மேடையில் 'இழந்த சிரிப்பைத் திருப்பித் தருகிறேன்' என்று தழுதழுப்பார். அறைக்குள் வந்ததும் நோயாளிகளைக் கோணவாய்க் கூட்டம் என்பார். நன்றி சொல்லக் கையைப் பிடித்தவர்கள் கதவைத் தாண்டுவதற்குள் சோப்புப் போட்டுக் கழுவிவிடுவார்.

கதவைத் தட்டிவிட்டு சிஸ்டர் உள்ளே வந்தார். இருபது வருஷமாக அந்த வார்டைக் கட்டிக் காப்பவர்.

"டாக்டர், கடைசி செக்கப்புக்கு முப்பது பேரும் வந்துட்டாங்க. கொஞ்சம் சீக்கிரம் பார்த்தா தேவலை. ஒரு மாதிரியா இருக்காங்க."

"ஒரு மாதிரின்னா?"

"சொல்லத் தெரியலை."

"சொல்லத் தெரியாததை எல்லாம் எங்கிட்ட கொண்டு வராதீங்க சிஸ்டர். உட்காரட்டும். அவங்களுக்கு வேற என்ன வேலை?"

சிஸ்டர் போய்விட்டார். ஜன்னலில் மூன்று மணி வெயில் பளிச்சென்று அடித்தது. ஏசி முனகிக்கொண்டிருந்தது. டெட்டால் வாசனைக்கு அடியில், நாள்பட்ட கட்டைப் பிரிக்கும்போது வருமே, அந்த இனிப்பான அழுகல் வாடை மெல்லப் படர்ந்தது. குப்பைக்கூடையைக் காலால் தள்ளிப் பார்த்தார். காலியாகத்தான் இருந்தது.

ஐந்தாவது படம், நீச்சல் சொல்லிக்கொடுக்கும் இளைஞன். இடது பாதியைத் திருப்பி ஒட்டினார். திரையில் வந்தது இளைஞன் இல்லை. அகன்ற நெற்றி, இறங்கிய புருவம், வாயின் இரண்டு பக்கமும் தெற்றுப்பல். ஒரு பெண். ஆறாவது படம் லாரி டிரைவர். அதே பெண். ஏழாவது, எட்டாவது, ஒன்பதாவது. தாடி வைத்தவர், எழுபது வயதுக்காரர், கல்லூரிப் பெண், எல்லோருடைய இடது பாதியும் சேர்ந்து அதே முகமாக வந்தது. தசையை மாற்றினால் உதடு மாறலாம். பல் எப்படி மாறும்?

முதலில் சிரிப்பு வந்தது அவருக்கு. கம்ப்யூட்டர் கோளாறு என்றார். பிறகு அந்தச் சிரிப்பு நின்றது. ஏனென்றால் அவருக்கு அந்த முகம் தெரியும்.

முப்பத்தொன்றாவது ஆள். பஸ் நிலையத்தில் டிக்கெட் கவுண்ட்டரில் இருந்தவள். ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள் சிஸ்டர் போன் செய்தார்: "கன்னம் கறுத்துட்டே வருது டாக்டர். ஒரு தடவை வந்து பார்த்துடுங்க." சர்ஜன் அப்போது பாராட்டு விழா ஒன்றில் மாலைக்குக் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தார். "நாளைக்குப் பார்க்கலாம். தொட்டதுக்கெல்லாம் பயந்தா நர்ஸ் வேலைக்கு எதுக்கு வரணும்?" என்று வைத்துவிட்டார். ரத்தக்குழாய் அடைத்துத் தசை அழுகி, விஷம் உடம்பெல்லாம் ஏறி, பதினோராம் நாள் அவள் செத்துப்போனாள். தம்பி வந்து கேட்டபோது, "உடம்பு ஏத்துக்கலைப்பா" என்றார். ஆராய்ச்சிப் பட்டியலில் அவள் பெயருக்கு நேராக 'தொடர்பில் இல்லை' என்று எழுதி, கணக்கிலிருந்து நீக்கினார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது அவருக்குக் கைவந்த கலை. செத்தவள் எப்படித் தொடர்பில் இருப்பாள், பொய் ஒன்றும் எழுதவில்லையே என்று அன்றைக்குத் தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டார்.

இப்போது பட்டியலைத் திறந்தார். 'சேர்க்கப்பட்டவர்கள்' என்ற கட்டத்தில் முப்பத்தொன்று என்று மாற்ற ஒரு நிமிஷம் போதும். மாற்றினால் ஒரு மரணம் கணக்கில் ஏறும். நாற்காலி போகும். விரல் விசைப்பலகையின் மேலேயே நின்றது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். இவருக்கு அதுவும் இல்லை, வெறும் பயம்தான். பயத்தை விட நாற்காலி பெரிதாகத் தெரிந்தது.

முப்பது என்றே விட்டார். அனுப்பினார். 'பெறப்பட்டது' என்று திரை சொன்னது.

ஏசி நின்றது.

அப்போதுதான் வராந்தாவின் அமைதி காதில் விழுந்தது. முப்பது பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு இருமல் இல்லை. ஒரு பேச்சு இல்லை. ஒரு செல்போன் இல்லை.

பிறகு ஒரு சத்தம்.

நற. நற.

பல்லைக் கடிக்கும் சத்தம். ஒருவர் அல்ல. பலர். ஒரே சமயத்தில்.

நற. நற. நற.

"சிஸ்டர்?"

சர்ஜன் எழுந்தார். கதவருகே போனார். அழுகல் வாடை தொண்டைக்குள் இறங்கியது. கைப்பிடி ஈரமாக இருந்தது. திறந்தார்.

சிஸ்டர் எதிர்ச்சுவரோடு ஒட்டிக்கொண்டு, இரண்டு கையாலும் வாயைப் பொத்தியிருந்தார். வராந்தா முழுக்க நாற்காலிகள். முப்பது பேர். முப்பது வலது கண்கள் அழுதன. முப்பது வலது உதட்டோரங்கள் பயத்தில் நடுங்கின.

இடது பாதிகள் சிரித்தன.

ஒரே அளவு. ஒரே கோணம்.

கணக்கு வாத்தியார் இரண்டு கைகளாலும் தாடையைப் பிடித்துக் கீழே இழுத்துக்கொண்டிருந்தார். அவருடைய வெறும் ஈறுகளுக்குள்ளிருந்தும் அந்தச் சத்தம் வந்தது.

"நாங்க சிரிக்கலை டாக்டர்" என்றார், வலது ஓரத்தால். "சத்தியமா நாங்க சிரிக்கலை."

வலது கண்கள் ஒன்றையொன்று பார்த்து மிரண்டன. இடது கண்கள் மட்டும் மெல்லத் திரும்பின. ஒவ்வொன்றாக. அவர் பக்கம்.

"சேர்த்துடறேன்" என்றார் சர்ஜன். குரல் கிழிந்தது. "இப்பவே பட்டியல்ல சேர்த்துடறேன்."

முப்பது இடது உதட்டோரங்களும் இன்னும் கொஞ்சம் ஏறின. கன்னத்துத் தழும்புகள் இழுபட்டு ஒவ்வொன்றாக வெளுத்தன. உதடுகள் ஏறிக்கொண்டே இருந்தன. அந்தச் சிரிப்பில் மகிழ்ச்சி இல்லை, கோபம்கூட இல்லை. சுத்தமான ஏளனம்.