எண்பத்தாறாம் எண் திசு

“எங்க வீட்டுக்காரர் ஆபரேஷனுக்கு வரமாட்டேன்னு ஒத்தக் கால்ல நிக்கிறாரு டாக்டரம்மா. நீங்கதான் ஒரு வார்த்தை சொல்லணும்.”

வெள்ளிக்கிழமை காலை, ஆராய்ச்சிக்கூடத்தின் இரண்டாம் மாடியில், கசங்கிய உறையோடு வந்து நின்றாள் அந்தப் பெண். கணவர் பஸ் டிரைவர். மார்பில் கட்டி. புற்றுநோய் என்று இந்தக் கூடத்திலிருந்து அறிக்கை போயிருந்தது. திங்கட்கிழமை அறுவை சிகிச்சை.

“பொம்பளைங்களுக்கு வர்ற வியாதி எனக்கு எப்படி வரும்னு கேக்குறாரு. ரிப்போர்ட் சரிதான்னு அடிச்சுச் சொல்லுங்க.”

“ஆம்பளைக்கும் வரும்மா. இந்த வியாதி வர்ற நூறு பேர்ல ஒருத்தர் ஆம்பளை. அபூர்வம்தான், ஆனா வரும்” என்றார் டாக்டரம்மா. எல்லோரும் அவருக்கு வைத்திருந்த பெயர் பூதக்கண்ணாடி. “இருங்க, அவர் திசுவை வெச்ச தகட்டை ஒரு தடவை பாத்துடறேன்.”

பக்கத்து மேஜை டைப்பிஸ்ட் எழுந்து வந்துவிட்டார். ஐம்பது வயது, துப்பறியும் கதைகள் படித்தே கெட்டுப்போனவர். உறையிலிருந்த அறிக்கையின் எண்ணைப் பார்த்து, எண்பத்தாறாம் எண் கண்ணாடித் தகட்டை அவரே ஓடி எடுத்து வந்தார்.

டாக்டரம்மா நுண்ணோக்கியில் கண்ணை வைத்தார். ஒரு ஓரத்தில் புற்றணுக்கள்; சந்தேகமே இல்லை. அவற்றை ஒட்டி, திராட்சைக் கொத்துகளைப் போலப் பால் சுரப்பிகள், உப்பி நின்றன. அவர் வெகுநேரம் தலையை நிமிர்த்தவில்லை.

“அம்மா, உங்க வீட்டுக்காரர் ஏதாவது மாத்திரை சாப்பிடறாரா?”

“பிரஷருக்கு ரெண்டு வருஷமா.”

“சரி, கொஞ்ச நேரம் வெளியே உக்காருங்க.”

கதவு சாத்தியதும் டைப்பிஸ்ட் குரலைத் தாழ்த்தினார். “உங்க முகமே சொல்லுது, இது டிரைவரோட திசு இல்ல. யாரோ வேணும்னே மாத்திட்டாங்க. தகடு தயார் பண்ற அந்த டெக்னீஷியன் முழியே சரியில்ல.”

“அவர் ராத்திரி சரியா தூங்கியிருக்க மாட்டார். இந்தத் திசு வந்த அன்னிக்கு வந்த மத்த திசுக்களோட ரிப்போர்ட் எல்லாத்தையும் எடுங்க.”

அது அபூர்வக் கட்டிகளையும் சாதாரணக் கட்டிகளையும் ஒப்பிடும் ஆராய்ச்சி. பார்ப்பவர் மனம் ஒரு பக்கம் சாயக்கூடாது என்பதால் பெயர், வயது, ஆணா பெண்ணா எதுவும் கூடத்துக்குச் சொல்லப்படாது. எண் மட்டுமே. அன்று வந்தவை எண்பத்தாறு முதல் தொண்ணூற்றெட்டு வரை, பதின்மூன்று.

டாக்டரம்மா ஒவ்வொன்றாகப் படித்து, கடைசித் தாளில் விரலை வைத்தார். “தொண்ணூத்தெட்டு. ‘குழாய்களும் நார்த்திசுவும் மட்டும், கெடுதல் இல்லை.’ அறுவை டாக்டர்கிட்ட பெயர்ப் பட்டியல் இருக்கு. இது யார்னு கேளுங்க.”

டைப்பிஸ்ட் போனை வைத்தபோது முகம் வெளுத்திருந்தது. “ஏழு மாசக் குழந்தைக்குப் பால் குடுக்கிற அம்மாவாம். பயப்பட ஒண்ணுமில்லன்னு அனுப்பிட்டாங்களாம்.”

“அந்த அம்மாவை உடனே வரச் சொல்லுங்க. அறுவை டாக்டர், டெக்னீஷியன் ரெண்டு பேரும் இங்க வரணும்.”

கால்மணி நேரத்தில் இருவரும் வந்தார்கள். டாக்டரம்மா குரலை உயர்த்தவில்லை.

“ஆண் மார்புல குழாய் உண்டு, பால் சுரக்கிற கொத்து சாதாரணமா கிடையாது. டிரைவர் பேர்ல இருக்கிற தகட்டுல பாலே ஊறி நிக்குது. பால் குடுக்கிற அம்மாவோட தகட்டுல ஒரு கொத்துகூட இல்ல. வெறும் குழாயும் நாரும். அது மாத்திரையால ஆம்பளைக்கு வர்ற வீக்கம் மாதிரி இருக்கு. தகட்டைப் படிச்சவங்க மேல தப்பில்ல. யாரோடதுன்னு தெரியாமப் பாத்தாங்க.”

“எப்படி மாறிச்சு?” என்றார் அறுவை மருத்துவர்.

டாக்டரம்மா, திசு போட்டு அனுப்பும் புட்டிகளில் காலியான ஒன்றை மேஜையில் வைத்தார். வட்டமான மூடியில் பேனாவால் 86 என்று எழுதியிருந்தது. புட்டியைப் பாதி சுற்று திருப்பினார். 98.

“வட்ட மூடிக்கு மேலேயும் கீழேயும் ஏது? இவர் முதல்ல எடுத்தது தொண்ணூத்தெட்டு; தலைகீழாப் பிடிச்சதால எண்பத்தாறுன்னு படிச்சார். கடைசியா மிஞ்சினது நிஜமான எண்பத்தாறு; அந்த எண் முடிஞ்சு போச்சே, அதனால திருப்பிப் பிடிச்சு அதைத் தொண்ணூத்தெட்டுன்னு எடுத்துக்கிட்டார். எண்ணிக்கையும் சரியா வந்துடுச்சு.”

டெக்னீஷியன் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

“எண்ணுக்கு அடியில ஒரு கோடு போடணும்னு நானும் சொல்லல” என்றார் டாக்டரம்மா. “இன்னிக்கே ரெண்டு பேர்கிட்டயும் மறுபடி திசு எடுப்போம். என் பேச்சை மட்டும் நம்பி யாரும் கத்தியை எடுக்க வேண்டாம்.”

அன்று பிற்பகல் திசு கொடுக்கக் காத்திருந்த கூடத்தில்தான் டிரைவரின் மனைவியும் கைக்குழந்தைக்காரியும் அறிமுகமானார்கள். மறு பரிசோதனை டாக்டரம்மா சொன்னதையே சொன்னது. டிரைவருக்கு மாத்திரையை மாற்றினார்கள், அவ்வளவுதான். “நான் அப்பவே சொல்லல?” என்று அவர் மார்தட்ட, “தப்பான காரணத்தைச் சொல்லிட்டு பெருமை வேறயா!” என்று மனைவி அதட்டினாள். அதட்டிவிட்டு, சுவரைப் பார்த்துத் திரும்பி, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை அந்த இளம் தாய்க்கு அறுவை சிகிச்சை. குழந்தையை வைத்துக்கொள்ள டிரைவரின் மனைவி தானாகவே வந்திருந்தாள். டைப்பிஸ்ட் தாழ்வாரத்தில் நடந்து நடந்து செருப்பைத் தேய்த்தார். மூன்று மணி நேரம் கழித்துக் கதவு திறந்தது.

“கட்டி சின்னது. முழுசா எடுத்தாச்சு. அக்குள்ல பாத்தோம், பரவல” என்றார் அறுவை மருத்துவர். “நல்லவேளை, சீக்கிரம் பிடிச்சோம். இனி மருந்து இருக்கு, பாத்துக்கலாம்.”

குழந்தையின் அப்பா நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து, வாய்விட்டு அழத் தொடங்கினான்.

“மெதுவா அழுங்க தம்பி” என்றாள் டிரைவரின் மனைவி, தோளில் கிடந்த பிள்ளையின் முதுகைத் தட்டியபடி. “இப்பதான் தூங்கினான்.”