கோட்டை வாசலில் ஒரு தாழ்ப்பாள்

சுவரில் மாட்டியிருந்த அச்சுப் படத்தில், நகரத்துப் பழைய கோட்டை வாசலின் வளைவுக்கடியில், ஒரு கால் தெரிந்தது. இளையவன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தான். சூம்பிய கால்.

அந்தப் படத்தின் செப்புத் தகட்டைக் கீறியவர் அவனுடைய அண்ணன். வாசலில், சூம்பிய காலோடு தன்னையே சின்னதாக நிறுத்தியிருந்தார். கீறிய தகடுகளைத் தொட்டியில் அரிக்கவிடும் அமில அறையில் அவர் புகையில் மூச்சடைத்துச் செத்ததும், இளையவன் அந்த உருவத்தைச் சுரண்டி வழித்துவிட்டுத் தன் பெயரைக் கீறிக்கொண்டான். ஊர் மெச்சியது, வெட்கமில்லாமல் தலையாட்டினான். அச்செடுக்க எடுக்கத் தகடு தேய்ந்து கோடு மங்கும். இதிலோ, பிரதிக்குப் பிரதி அவன் சுரண்டிய இடம் கறுத்துக்கொண்டே வந்தது.

மழைக்கு இருட்டிய சாயங்காலம் அண்ணி வந்தாள். படத்தின் முன் வெகுநேரம் நின்றாள். கல்லில் படிந்த பாசியைக்கூட அமிலம் எவ்வளவு பக்குவமாக அரித்திருக்கிறது, வளைவுக்குள் இருட்டு எத்தனை ஆழம் என்று ரசித்துப் பேசினாள். அவள் விரல் படத்திலிருந்த கதவில் வந்து நின்றது.

"கோட்டைக் கதவுக்கு யாராவது வெளிப்பக்கம் தாழ்ப்பாள் வைப்பாங்களா, தம்பி?"

அண்ணன் தாழ்ப்பாளே வரையவில்லை. இது அமில அறையின் தாழ்ப்பாள். தகட்டின் மேல் வந்த ஆசையில், அன்று அதை வெளியிலிருந்து இழுத்தவன் இவன்தான். 'திறடா தம்பி' என்ற குரல் அடங்கும்வரை நின்றவனும் இவன்தான்.

"அச்சுல ஏதோ பிசகு, அண்ணி."

"உப்பைத் தின்னவன் தண்ணி குடிச்சுத்தான் ஆகணும். செத்துப்போன உங்கண்ணன்கிட்ட தினமும் அதைத்தான் வேண்டிக்கறேன்." குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

தகட்டையே கரைத்துவிட்டால் தொல்லை விட்டது என்று, அதையும் படத்தையும் அள்ளிக்கொண்டு அமில அறைக்குள் போனான். தொட்டியில் தகடு முங்கியதும் செம்பழுப்புப் புகை சுருண்டெழுந்து தொண்டையைச் சுட்டது. மழைச் சத்தத்துக்கு நடுவே, கூடத்துத் தரையில், ஒரு காலை இழுத்து இழுத்து நடக்கும் ஓசை நெருங்கி வந்தது.

நின்றது.

வெளியே தாழ்ப்பாள் விழுந்தது.

"அண்ணே... திறண்ணே."

புகை. இருமல். மண்டியிட்டுக் கதவின் அடியிடுக்கில் விரல்களை நுழைத்தான். பக்கத்தில் கிடந்தது படம். அதில் கோட்டைக் கதவு மூடியிருந்தது. வெளியே அண்ணன், தாழ்ப்பாளில் கை. கதவுக்கடியில் பத்து விரல்கள். ஒன்றில் இவனுடைய மோதிரம்.

விரல்களை அசைத்தான். படத்திலும் அசைந்தன.