காலி சாக்கெட்

கம்ப்யூட்டரின் மூளையான ப்ராசஸர் அவள் உள்ளங்கையில் இருந்தது. மதர்போர்டில் அது உட்காரும் சாக்கெட் காலி. ஆனாலும் விசிறி சுற்ற ஆரம்பித்திருந்தது.

பவர் பட்டனை அவள் தொடவே இல்லை. ப்ளக்கைப் பிடுங்காமல் விட்டது தப்புதான். அதைவிடப் பெரிய தப்பு ஒன்றையும் சற்று முன்புதான் செய்திருந்தாள். இந்தப் பழைய போர்டு புது ப்ராசஸரை ஏற்குமா என்று கம்பெனியின் பட்டியலில் பார்த்தபோது ஏற்கும் என்றுதான் இருந்தது. ஆனால் போர்டை எழுப்பிவிடும் மென்பொருளான பயாஸை முதலில் புதுப்பிக்க வேண்டும், அது முடியும்வரை பழைய ப்ராசஸர் இடத்திலேயே இருக்க வேண்டும். பதினோரு வருஷமாகக் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்ப்பவள், இதற்காகவே வாடிக்கையாளர்களைத் திட்டுகிறவள், புது பயாஸ் இருந்த பென் டிரைவைச் செருகிய கையோடு பழையதைக் கழற்றிவிட்டாள். கவனமெல்லாம் பக்கத்து அறையில்தான்.

அங்கே கணவன் தூங்கிக்கொண்டிருந்தான். இதய ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்து ஆறு நாள். உள்ளே பொருத்திய உலோக வால்வு ஒவ்வொரு துடிப்புக்கும் 'டிக்' என்றது. மழை பிடித்து மாலை நாலு மணிக்கே இருட்டிவிட்ட வீட்டில், ஈரச் சுவரின் வாசனைக்கும் ஸ்பிரிட் நெடிக்கும் நடுவே, அந்தச் சத்தம் திறந்த கதவு வழியாகச் சீராக வந்துகொண்டிருந்தது. முதல் இரண்டு நாள் அதனால் தூக்கம் போயிற்று. இப்போது அது கேட்டால்தான் அவளுக்கு மூச்சே வருகிறது.

"புது போர்டு வாங்காத. புது ப்ராசஸர என் பழைய போர்டுலயே ஏத்து," என்று மதியம் சொல்லியிருந்தான்.

"அது ஏத்துக்கணுமேங்க."

"நானே ஏத்துக்கிட்டேன். அது ஏத்துக்காதா?" நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அவளும் சிரித்துத் தொலைத்தாள்.

ப்ராசஸர் இல்லாமல் விசிறி சுற்றுவது உண்டு. திரை வராது. வரவே முடியாது.

திரை வந்தது.

ப்ராசஸர்: பழையது. வெப்பம்: 36.7. வேகம்: 62.

சென்சார் கோளாறு என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். சொல்லும்போதே பக்கத்து அறையின் டிக் ஒன்றுக்கு வேக எண்ணின் ஓரத்தில் ஒரு புள்ளி மின்னியது. அடுத்த டிக். அடுத்த புள்ளி. அவன் புரண்டு படுத்தான், கட்டில் முனகியது. 70. இருமினான். 81.

"என்னங்க?"

குறட்டை மட்டும். 64.

ப்ளக்கைப் பிடித்தாள். அதற்குள் பென் டிரைவின் விளக்கு சிமிட்டியது. திரையில் நீலப் பட்டை ஒன்று நகர ஆரம்பித்தது. பயாஸ் புதுப்பிக்கப்படுகிறது. மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டாம்.

நடுவில் துண்டித்தால் போர்டு செத்துவிடும். எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பாள். கை ப்ளக்கின் மேலேயே நின்றது. பிடுங்கினால் எது நிற்கும்? ஓடிப்போய் அவனை எழுப்பலாம். ஆனால் கையை எடுக்கும்போது ப்ளக் ஆடினால்? மழையில் கரண்ட் போனால்? கடவுளே, கரண்ட் போகக்கூடாது.

நாற்பது சதவீதம்.

எழுபது.

"என்னங்க, எழுந்திருங்க!"

குறட்டை நின்றது.

நூறு.

முடிந்தது. பழைய ப்ராசஸர் அகற்றப்பட்டது. புதியது இயங்குகிறது.

டிக்.

சத்தம் பக்கத்து அறையிலிருந்து வரவில்லை. மேஜையிலிருந்து வந்தது. குனிந்தாள். டிக். காலி சாக்கெட்டுக்குள்ளிருந்து. மெதுவாக. பயந்துபோய். இத்தனை நாள் கேட்டுப் பழகியவளுக்கு அது யாருடையது என்று தெரியாதா?

அறைக்குள் கட்டில் முனகியது. காலடிகள். ஆறு நாளாகச் சுவரைப் பிடித்து நடந்தவனின் காலடிகள் இல்லை. வேகமாக, ஒரே அளவாக வந்தன. அவள் முதுகுக்குப் பின்னால் நின்றன.

அங்கே டிக் இல்லை. ஒன்றுமே இல்லை.

"இப்ப நல்லா வேகமா இருக்கும்மா," என்றது அவன் குரல்.

அவள் திரும்பவில்லை. சாக்கெட்டுக்குள் டிக் டிக் டிக் என்று அடித்துக்கொண்டது.

அவள் தோளுக்கு மேலாக ஒரு கை நீண்டது. மோதிரம் அவனுடையது. அது அவள் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கி, ப்ளக்கைப் பிடித்தது.

"வேல முடிஞ்சுதுல்ல? பிடுங்கிடவா?"